கையில் கொடுக்கப்படும் பாட்டு



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் இருவர் என்னைத் தனித்தனியே சந்தித்தார்கள். முதலில் வந்தவர் நம் பாடகர் குழுவில் நெடுங்காலம் பேஸ் பாடிய பெரியவர். "ஐயா, இது ஆலயமா, கச்சேரி மண்டபமா?" என்று கேட்டார். அடுத்து வந்தவர் கீபோர்டு வாசிக்கும் நம் வாலிபத் தம்பி. "ஐயா, ஒரு மாதமாகப் பயிற்சி செய்தோம், பெரியவர்கள் வாயையே திறக்கவில்லை" என்றார். இருவரும் பேசியது ஒரே பாட்டைப் பற்றி. இருவருக்கும் அன்று நான் பதில் சொல்லவில்லை. இந்த வாரச் சிந்தனையே அந்தப் பதில். இதனால் இருவருக்குமே என்மேல் சற்று வருத்தம் உண்டாகலாம்.

நான் திருமேடையில் நின்று பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இசை நன்றாகவே இருந்தது. தாளம் பிசகவில்லை, குரல்கள் இனிமையாக இருந்தன. ஆனால் முன் மூன்று வரிசைகளில் பாடியவர்கள் நான்கே பேர். மற்றவர்கள் திரையில் ஓடிய வரிகளை வாசித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் பெரியவர்கள் மட்டுமல்ல, கல்லூரிப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

இந்தச் சச்சரவு நமக்குப் புதிதாக இருக்கலாம், உலகத்துக்குப் புதிதல்ல. வெகுஜன இசையின் பாணி மாறிய ஒவ்வொரு தலைமுறையிலும் இது எழுந்திருக்கிறது. அதைத் தெளிவாகக் காண அமெரிக்காவின் பழைய பாட்டு வணிகத்தை உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். அங்கே இந்த விவகாரத்தின் நடுவில் இருந்தது ஒரு காகிதம்.

இன்று பாட்டு வேண்டுமென்றால் கைபேசியைத் தொடுகிறோம். 1890களின் அமெரிக்காவில் பாட்டு வேண்டியவர் கடைக்குப் போய் இசைத்தாள் வாங்கினார். பாடும் குரலுக்கு ஒரு வரி, அதன்கீழ் பாட்டின் சொற்கள், பியானோ வாசிப்பவரின் இரு கைகளுக்கு இரண்டு வரிகள், முகப்பில் வண்ணப்படம். இவ்வளவுதான் அந்தத் தாள். நியூயார்க் நகரின் 28ஆம் தெருவில் இத்தகைய பாட்டுகளை அச்சிடும் நிறுவனங்கள் நெருங்கி நின்றன. ஒரே நேரத்தில் பல அறைகளில் பியானோக்கள் ஒலித்தது தகரத் தட்டுகளை உருட்டுவதுபோல் இருந்ததால், அந்தப் பகுதிக்கு 'டின் பேன் அலி' என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். புதிய தாள்களை வாசித்துக் காட்டி மற்றவரை வாங்கத் தூண்டுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். ஜார்ஜ் கெர்ஷ்வின் என்னும் புகழ்பெற்ற இசையமைப்பாளர் 15 வயதில் அந்த வேலையில்தான் தொடங்கினார்.

சார்லஸ் ஹாரிஸ் என்பவர் 1892இல் 'ஆஃப்டர் தி பால்' என்னும் பாட்டை வெளியிட்டார். இசைக்குறிப்பு எழுத அவருக்குத் தெரியாது. அவர் பாடிக் காட்ட, மற்றொருவர் அதைத் தாளில் இறக்கினார். அடுத்த ஆண்டு சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் சூஸாவின் இசைக்குழு அதை வாசித்தது. அந்தத் தாள் பல இலட்சம் பிரதிகள் விற்றது.

காகிதம் தானாக ஒலிக்காது என்பதைச் சற்று எண்ணிப்பாருங்கள். தாளை வாங்கி வந்த வீட்டில் ஒரு மகள் பியானோவில் அமர வேண்டும், ஒரு தகப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட வேண்டும். அதுவரை அந்த வீட்டில் பாட்டு இல்லை. ஆகவே விற்கிறவனும் ஒரு நியாயத்துக்குக் கட்டுப்பட்டிருந்தான். சாதாரணக் குரல் எட்டாத உயரத்தில் மெட்டை வைத்தால் தாள் விற்காது; நடுத்தரப் பயிற்சியுள்ள விரல்களுக்கு அடங்காவிட்டாலும் விற்காது. பணத்துக்காகச் செய்யப்பட்ட வேலைதான். ஆயினும் எளியவரை மறவாதிருக்கும்படி அந்தக் காகிதம் வியாபாரியைக் கட்டாயப்படுத்தியது.

பாணிகளோ நில்லாமல் மாறின. வால்ட்ஸ் நடையிலிருந்த பாட்டுகளின் இடத்தை, தட்டு தவறி விழுவதுபோல் தோன்றும் ராக்டைம் பிடித்தது. ஸ்காட் ஜாப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்' 1899இல் அச்சேறியது. பின்பு புளூஸ் வந்தது, ஜாஸ் வந்தது. ராக்டைமையும் ஜாஸையும் கண்டித்துப் பிரசங்கித்த போதகர்கள் அநேகர். நம் பெரியவரின் கேள்வியை அவர்கள் தங்கள் மொழியில் கேட்டார்கள். இசைத்தாளும் மாறிக்கொண்டே வந்தது. 1920களில் யூகுலேலி என்னும் சிறு நரம்புக்கருவி பரவியபோது, விரலை எங்கே வைப்பது என்று காட்டும் சிறு கட்டங்கள் பாட்டு வரிக்கு மேலே அச்சிடப்பட்டன.

இந்த மாற்றங்களின் நடுவே ஒரு போதகரின் மகன் நிற்கிறார். அவருடைய கதை என்னை விடுவதில்லை.

டபிள்யூ. சி. ஹேண்டி 1873இல் அலபாமா மாநிலத்தின் ஃபிளாரன்ஸில் பிறந்தார். தகப்பன் மெதடிஸ்ட் சபைப் போதகர். சிறுவன் பாடுபட்டுச் சேர்த்த காசில் ஒரு கிட்டார் வாங்கி வந்தான். தகப்பன் அதை வீட்டுக்கு ஆகாத பொருளாகக் கண்டார். கடைக்கே திருப்பிக் கொண்டுபோய், அதற்குப் பதிலாக ஓர் அகராதியை வாங்கி வரச் செய்தார். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர் எந்த வாத்தியமும் இன்றிப் பிள்ளைகளுக்கு டானிக் சால்ஃபாவில் பாடக் கற்றுக்கொடுத்தார். ஆம், நம் பாடகர் குழுவின் பழைய புத்தகங்களில் இருக்கும் அதே எழுத்துமுறை. சாரா குளோவர் என்னும் ஆங்கிலேய ஆசிரியையின் முறையைத் தழுவி, ஜான் கர்வென் என்னும் போதகர் ஏழை மக்களும் பாடத்தக்கதாக அதைப் பரப்பினார். சாதாரண அச்செழுத்துகளே போதும் என்பதால் மிஷனெரிகள் போன இடமெல்லாம் அதுவும் போயிற்று. அதைக் கற்ற ஹேண்டியின் காதில் பறவைகளின் கூவலும் ஸ்வரங்களாக விழத் தொடங்கினவாம்.

1903ஆம் ஆண்டளவில் மிசிசிப்பியின் டட்வைலர் நிலையத்தில் ஓர் இரவு அவர் இரயிலுக்குக் காத்திருந்தார். கந்தை உடுத்த ஒருவர் கிட்டார் நரம்புகளில் கத்தியை அழுத்தி இழைத்துக்கொண்டு பாடினார். அதுவரை தாம் கேட்டவற்றில் அதுவே மிக விநோதமான இசை என்று ஹேண்டி பிற்காலத்தில் எழுதினார். அத்தகைய பாட்டுகளைத் தாளில் இறக்க அவர் முயன்றபோது ஒரு தடை வந்தது. பாடியவரின் 'மீ' என்னும் ஸ்வரம் இயல்பான 'மீ'யும் அல்ல, அதற்கு அரை ஸ்வரம் தாழ்ந்த 'மீ'யும் அல்ல. அது இரண்டுக்கும் நடுவே வழுக்கிக்கொண்டிருந்தது. பியானோவில் அதற்குக் கட்டை இல்லை, காகிதத்தில் அதற்கு இடமும் இல்லை. ஹேண்டி தாழ்ந்த ஸ்வரத்தை எழுதி, மீதியைப் பாடுகிறவர்களின் தொண்டைக்கு விட்டுவிட்டார். 1912இல் 'மெம்பிஸ் புளூஸ்', 1914இல் 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' இவ்விதமாக அச்சேறின. ஓர் இரயில் நிலையத்தில் பெயரில்லாத ஒருவர் பாடிய விதம், காகிதத்தின் வழியாகத் தூரதேசத்து வீடுகளுக்கும் சென்று சேர்ந்தது.

பிரியமானவர்களே, அந்தத் தகப்பனைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு சபையில் நான் ஊழியம் செய்தபோது, பதினாறு வயதுப் பையன் ஒருவன் கிட்டாருடன் என் வீட்டு வாசலுக்கு வந்தான். ஒரு சங்கீதத்துக்குத் தானே மெட்டமைத்திருந்தான். அறுப்பின் பண்டிகையில் பாட அனுமதி கேட்டான். இரண்டு வரி கேட்டவுடன், "தம்பி, இது சினிமா மெட்டு மாதிரி இருக்கிறது" என்று சொல்லி நிறுத்திவிட்டேன். உண்மையில் நான் அந்த மெட்டைக் கேட்கவே இல்லை. பண்டிகை முடிந்து யார் யார் வந்து குறை சொல்வார்கள் என்பதைத்தான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் கிட்டாரை உறையில் வைத்து மெதுவாக ஜிப்பை இழுத்தான். சில மாதங்கள் ஆராதனைக்கு வந்தான், பிறகு வரவில்லை. அவனுடைய தாயாரைச் சென்ற ஆண்டு ஒரு திருமணத்தில் கண்டேன். அவன் இப்போது கிட்டாரைத் தொடுவதில்லை என்றார்கள். ஹேண்டியின் தகப்பனாவது ஓர் அகராதியைக் கொடுத்தார்.

ஆகையால் பெரியவர்களே, உங்களோடு முதலில் பேசுகிறேன். 'புதிய பாணி, உலகத்தின் மெட்டு' என்பது ஒரு பாட்டைத் தள்ளப் போதுமான காரணமல்ல. பெரிய வெள்ளியன்று நாம் கண்ணீரோடு பாடுகிறோமே, முள்முடி சூடிய சிரசைப் பற்றிய ஞானப்பாட்டு, அதன் இராகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் வெளியிட்ட ஒரு ஜெர்மன் காதல் பாட்டிலிருந்து. ஒரு பெண்ணால் மனம் கலங்கியவன் பாடும் பாட்டு அது. தொடக்கத்தில் அதன் நடை துள்ளலாகவே இருந்தது. சபைகள் பாடிப் பாடி அதைச் சமன்படுத்தி நிதானமாக்கிவிட்டன. பவுல் கெர்கார்ட்டின் ஜெர்மன் வரிகள் அதோடு சேர்ந்தது 1656இல். நம் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். குறவஞ்சி என்பது அக்காலத் தமிழ் மக்கள் கூடி நின்று பார்த்து மகிழ்ந்த கூத்துவகை. அந்த வடிவத்திலேயே அவர் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். இன்று நமக்குப் பழைமையாகவும் பக்தியாகவும் ஒலிப்பது, அன்று தெருவில் கேட்டவர்களின் காதுக்குப் பழகிய வடிவமாக இருந்தது.

22ஆம் சங்கீதத்தின் தலைப்பை வாசித்துப் பாருங்கள். அங்குள்ள எபிரெயச் சொற்களுக்கு 'விடியற்காலத்துப் பெண்மான்' என்று பொருள். அது அந்நாளில் ஜனங்கள் அறிந்திருந்த ஒரு மெட்டின் பெயர் என்பது வேத அறிஞர் பலருடைய கருத்து. அப்படியானால், 'உங்களுக்குத் தெரிந்த அந்த இராகத்தில் இதைப் பாடுங்கள்' என்பதே அந்தக் குறிப்பு. அந்த மெட்டு இப்போது உலகத்தில் எங்கும் இல்லை. சிலுவையில் நம் ஆண்டவர் தம் வாயில் எடுத்துக்கொண்ட சங்கீதத்துக்கே இசை தொலைந்துவிட்டது, சொல் நிற்கிறது. இப்படியிருக்க, எந்தப் பாணியைத்தான் நாம் நித்தியமானது என்று சொல்லமுடியும்?

இனி, வாலிபரே, உங்களிடம் வருகிறேன். பெரியவர்களுக்குச் சொன்னதைக் கேட்டு அதிகம் மகிழ்ந்துவிட வேண்டாம்.

பாட்டின் இருப்பிடம் காகிதத்திலிருந்து இசைத்தட்டுக்கு மாறியபோது ஒரு பெரிய காரியம் நடந்தது. இங்கிலாந்தில் எந்தப் பாட்டு பிரபலம் என்பதை நெடுங்காலம் இசைத்தாள் விற்பனையை வைத்தே அளந்தார்கள். 1952 நவம்பரில்தான் இசைத்தட்டு விற்பனையைக் கொண்ட பட்டியல் வந்தது. அதற்குப்பின் பாட்டு என்றால் ஒரு குறிப்பிட்ட மனிதரின் குரல், ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவு என்றாயிற்று. பீட்டில்ஸ் குழுவின் லென்னனும் மக்கார்ட்னியும் இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாதவர்கள். அவர்களுடைய பாட்டுகளுக்கும் தாள்கள் விற்றன. ஆனால் அவை பதிவைக் கேட்டு மற்றவர்கள் எழுதியவை. முன்பு காகிதம் முதலிலும் குரல் பிறகும் வந்தன. இப்போது குரல் முந்திக்கொள்ள, காகிதம் அதன் நிழலாகப் பின்னே வந்தது.

இதில் பாவம் ஒன்றும் இல்லை. பதிவு செய்யப்பட்ட இசை நோயாளியின் படுக்கையருகிலும் செல்கிறது. அதற்காக நானும் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பதிவை அப்படியே ஆலயத்துக்குள் கொண்டுவந்தால் என்ன நடக்கும்? பாடகர் தம் குரலின் அழகு தெரியும்படி ஒரு ஸ்கேலைத் தெரிந்துகொண்டிருப்பார். முதல் சரணத்தில் முணுமுணுப்பார், கடைசியில் மேல் ஸ்தாயிக்குத் தாவுவார். நம் சபையில் மீன் விற்றுவிட்டு வரும் தாயாரும், இரவுப் பணி முடித்து வரும் சகோதரரும் அங்கே எப்படித் தாவுவார்கள்? நடு 'ஸி'யிலிருந்து மேல் 'டி' வரை, மிஞ்சினால் அதற்குமேல் அரை ஸ்வரம். பயிற்சியில்லாத குரல்கள் கூடிப் பாடக்கூடிய எல்லை ஏறக்குறைய அவ்வளவே.

உங்கள் கைபேசியில் இருக்கும் 'கார்ட்' தாளையும் நான் பார்த்தேன். பாட்டு வரிக்கு மேலே ஜி, டி, ஈ மைனர் என்று எழுத்துகள் நிற்கின்றன. கிட்டார் வாசிப்பவருக்கு அது போதும். ஆனால் அதில் மெட்டு எங்கே? திரையில் ஓடும் வரிகளிலும் மெட்டு இல்லை. ஆக, அந்தப் பதிவை வீட்டில் பலமுறை கேட்டவர் மட்டுமே பாட முடியும். மற்றவர் யாவரும் பார்வையாளர். பவுல் அப்போஸ்தலன் கொலோசெயருக்கு எழுதியபோது, சங்கீதங்களாலும் பாட்டுகளாலும் ஒருவருக்கொருவர் போதிக்கும்படி முழுச் சபைக்கும் புத்தி சொன்னார். மேடையிலிருக்கும் ஐந்து பேருக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை.

புதுப் பாணியில் பாடியும், பாட்டைச் சபையின் கையில் கொடுத்த ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். தாமஸ் டார்சி, இவரும் ஒரு பிரசங்கியாரின் மகன்தான். 1899இல் ஜார்ஜியா மாநிலத்தின் வில்லா ரிக்காவில் பிறந்தார். 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் புளூஸ் பியானோ வாசித்தார். மா ரெய்னி என்னும் புகழ்பெற்ற பாடகிக்குப் பக்கவாத்தியக்காரராக இருந்தார். 1928இல் டாம்பா ரெட் என்பவருடன் இவர் வெளியிட்ட இசைத்தட்டு பெரிதும் விற்றது. அதன் சொற்களை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அதே கைகள் அதே நடையில் நற்செய்திப் பாட்டுகளையும் எழுதின. தம் பாட்டொன்றை அச்சிட்டு, 500 பிரதிகளை நாடெங்குமுள்ள சபைகளுக்குத் தபாலில் அனுப்பினார். வெகுகாலம் ஒருவரும் ஒரு பிரதிகூடக் கேட்டு எழுதவில்லை. நல்ல ஆலயங்கள் சிலவற்றிலிருந்து தாம் வெளியேற்றப்பட்டதை முதிர்வயதில் அவரே நினைவுகூர்ந்தார்.

1932 ஆகஸ்டில் அவர் செயின்ட் லூயிஸில் ஒரு கூட்டத்தில் பாடிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. மனைவி நெட்டி பிரசவத்தில் மரித்துவிட்டார். பிறந்த குழந்தையும் விரைவில் மரித்தது. அந்தத் துக்கத்தின் நாட்களில் பிறந்ததே 'பிரெஷஸ் லார்ட், டேக் மை ஹேண்ட்'. அதற்கு டார்சி எடுத்துக்கொண்ட மெட்டைப் பாருங்கள். சிலுவை சுமப்பதைப் பற்றிய ஒரு பழைய ஞானப்பாட்டின் இராகத்தைத் தழுவி, அதைத் தம் புளூஸ் நடையில் மெதுவாக நடக்கச் செய்தார். நெஞ்சு உடைந்த நேரத்தில் அந்தப் புதுப் பாணிக்காரரின் கை பழைய பாட்டைத்தான் தேடிப் போயிற்று.

அவர் அச்சிட்ட தாள்கள் எளிமையானவை. அலங்காரங்களை எழுதவில்லை, எலும்புக்கூட்டை மட்டும் கொடுத்தார், மாம்சத்தைப் பாடுகிறவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். சாலி மார்ட்டின் ஊர் ஊராகச் சென்று பாடிக் காட்டித் தாள்களை விற்றார். மஹாலியா ஜாக்சன் தெருமுனைகளில் நின்று பாடினார். இப்படியே அந்தப் பாட்டு சிறிய சபைகளின் கைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 1968 ஏப்ரல் 4 மாலையில் மார்ட்டின் லூதர் கிங், அன்றிரவுக் கூட்டத்தில் அதை வாசிக்கும்படி தம்மோடிருந்த இசைக்கலைஞரிடம் கேட்டுக்கொண்டார். அடுத்த சில கணங்களில் சுடப்பட்டார்.

நம் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இராகமும் தாளமும் குறித்திருக்கும். அதுவும் டார்சியின் தாளைப்போலத்தான்: கொஞ்சம் கொடுத்து, மீதியை நம்மிடம் ஒப்படைக்கிறது.

ஆகவே அடுத்த மாதம் முதல் நான் கேட்டுக்கொள்வது இது. புதிய பாட்டு வரட்டும். எந்தப் பாணியானாலும் வரட்டும். ஆனால் அது சபை பாடும் பாட்டாக இருக்க வேண்டுமானால், மெட்டைச் சால்ஃபாவில் எழுதி, யாவரும் எட்டும் ஸ்கேலுக்கு இறக்கி, பிரதியெடுத்துக் கொடுக்க வேண்டும். வாத்தியங்கள் யாவும் நின்றபிறகும் சபை அதைப் பாட முடிகிறதா என்று பார்ப்போம். முடியாவிட்டால் அது விசேஷப் பாட்டாக இருக்கட்டும். உட்கார்ந்து நன்றியோடு கேட்போம், அதுவும் ஆராதனைதான். ஆராதனைக்கு முந்திய பத்து நிமிடம் புதுப்பாட்டு கற்பிக்கப்படும். பெரியவர்கள் மூன்று ஞாயிறாவது வாய்திறந்து பாடிப் பார்த்தபின், டிரம்ஸைப் பற்றி என்னிடம் முறையிட வாருங்கள். அதற்கு முன் வந்தால் தேநீர் மட்டும் கிடைக்கும்.

இவற்றையெல்லாம் எழுதுவதற்கு முன், பேஸ் பாடும் நம் பெரியவரை வீட்டில் சென்று கண்டேன். சால்ஃபா எழுதத் தெரிந்தவர்கள் நம் சபையில் இனி மூவரே இருக்கிறார்கள், அவர்களில் அவர் ஒருவர். சென்ற ஞாயிற்றின் அந்தப் பாட்டையே எழுதித் தரும்படி கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வியாழன் இரவு, அவருடைய பேரனின் கைபேசியில் அந்தப் பாட்டு திரும்பத் திரும்ப நிறுத்தி நிறுத்தி ஒலித்துக்கொண்டிருந்ததாக அந்த வீட்டார் சொன்னார்கள்.

சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ஞாயிறு பள்ளி அறையில் சந்திப்போம். பென்சிலும் அழிப்பானும் கொண்டு வாருங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்